உடல் எடை கூடினால் மகிழ்ச்சி குறையுமா? எடைக்கும் மனசுக்கும் நடுவில் நடப்பது என்ன? ஆய்வுகள் சொல்வது இதுதான்!

"என்ன... நல்லா வெயிட் போட்டுட்ட போல?"

கல்யாண வீடு, காதுகுத்து, அபார்ட்மென்ட் லிஃப்ட், ஆபீஸ் கேன்டீன் என எங்கே போனாலும், "நல்லா இருக்கியா" என்பதற்கு முன்பே வந்து விழும் கேள்வி இது. கேட்டவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கேட்கப்பட்டவருக்கு அன்று இரவு தூக்கம் வராது.

இப்படிக் கேள்வி கேட்கப்படுபவர்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சமில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருக்கிறார்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது பெண்களில் 30.9 சதவீதமாகவும், ஆண்களில் 28.2 சதவீதமாகவும் இருந்தது. அதாவது, கிட்டத்தட்ட பத்தில் நான்கு பேர்.

உடல் பருமனால் சர்க்கரை நோய் வரும், பிபி வரும், மூட்டு தேயும் என்று நிறைய பேசியாச்சு. ஆனால் உடல் பருமனோடு வாழும் ஒருவர் சந்தோஷமாக இருக்கிறாரா? இல்லை என்றால் அதற்குக் காரணம் எடை மட்டும்தானா? இதை யாரும் அதிகம் கேட்பதில்லை. உளவியல் ஆய்வுகள் இதற்குச் சொல்லும் பதில் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம். விரிவாகப் பார்ப்போம்.

உடல் பருமன்: யாரைச் சொல்கிறோம்?

எடையை கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிஎம்ஐ 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றி கொழுப்பு சேர்வது அதிகம் என்பதால், இங்குள்ள மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆனால் பிஎம்ஐ மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, உடல் பருமனை இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அதிகக் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட வேலைகளோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் ஒரு வகை. கொழுப்பு அதிகம் இருந்தாலும் பாதிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்னொரு வகை. ஒரே எடையில் இருக்கும் இரண்டு பேரின் உடல்நிலை வேறு வேறாக இருக்கலாம் என்பதே இதன் அர்த்தம்.

மனநிலையும் அப்படித்தான். ஒரே 90 கிலோ, ஒரே உயரம், ஒரே ஊர். ஒருவர் நிம்மதியாக இருக்கிறார், இன்னொருவர் வீட்டை விட்டு வெளியே வரவே தயங்குகிறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

'குண்டா இருக்கிறவங்க ஜாலி டைப்' என்பது உண்மையா?

நம் சினிமாவில் பருமனான கதாபாத்திரம் என்றாலே பெரும்பாலும் காமெடிதான். அவர் சாப்பிடுவார், தடுக்கி விழுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். நிஜ வாழ்க்கையிலும் நண்பர்கள் கூட்டத்தில் அந்த ரோல் ஒருவருக்குத் தானாகவே ஒதுக்கப்பட்டுவிடும்.

இந்த எண்ணம் நம் ஊரில் மட்டும் இல்லை. 1976-ல் லண்டன் புறநகர்ப் பகுதி மக்களிடம் ஆய்வு செய்த பிரிட்டன் ஆய்வாளர்கள், பருமனானவர்களிடம் பதற்றம் குறைவாக இருப்பதாகவும், ஆண்களில் மனச்சோர்வும் குறைவாக இருப்பதாகவும் எழுதினார்கள். 'குண்டானவர்கள் குஷியானவர்கள்' என்ற கருத்து அதன்பிறகு ஆய்வுலகிலும் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது.

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நீண்ட காலம் மக்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் ஒரு அலசல் வெளியானது. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதல் என்றது அது. அதே அலசலில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதல்.

அதாவது இது ஒருவழிப் பாதை இல்லை. எடை மனசைப் பாதிக்கிறது, மனசு எடையைப் பாதிக்கிறது. ஆனாலும், உடல் பருமன் உள்ள எல்லோருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. பெரும்பாலானோருக்கு வருவதில்லை என்பதே உண்மை. யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதைத் தீர்மானிப்பதில், எடைக்கும் மனசுக்கும் நடுவில் நிற்கும் சில விஷயங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவை என்ன?

1. உருவகேலி

முதல் இடம் இதற்குத்தான். பள்ளியில் பட்டப்பெயர், ஷேர் ஆட்டோவில் "ரெண்டு பேர் இடத்தை அடைக்கிறீங்களே" என்ற முணுமுணுப்பு, துணிக்கடையில் "உங்க சைஸுக்கு இங்க இல்ல மேடம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வது, பெண் பார்க்க வந்த இடத்தில் "பொண்ணு கொஞ்சம் பூசின மாதிரி" என்று இழுப்பது. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். ஆனால் கேட்பவருக்கு இது தினசரி கணக்கு.

இதற்கு ஒருவர் பருமனாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. 2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு திரைப்படச் செய்தியாளர் சந்திப்பில், நடிகை கௌரி கிஷனின் எடை பற்றி எழுப்பப்பட்ட கேள்வி பெரிய சர்ச்சையானது. அது உருவகேலி என்று அவர் அந்த இடத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். கேமரா முன்னால், அவ்வளவு பேர் கூடியிருந்த இடத்திலேயே இப்படி என்றால், வீட்டுக்குள்ளும் வகுப்பறையிலும் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"நல்லதுக்குத்தானே சொல்றோம், அப்பவாவது ரோஷம் வந்து குறைப்பாங்க" என்று சிலர் நினைக்கலாம். ஆய்வு சொல்வது நேர் எதிர். பிரிட்டனில் 50 வயதைத் தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடை காரணமாகத் தாங்கள் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ எடை கூடியிருந்தது. அப்படி நடத்தப்படாதவர்களுக்கு 0.71 கிலோ குறைந்திருந்தது.

கேலி எடையைக் கூட்டுவது எப்படி? அவமானம் என்பது உடலுக்கு ஒரு மன அழுத்தம். மன அழுத்தம் வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பு கூடும். இது பசியைத் தூண்டும், இனிப்பும் கொழுப்பும் உள்ள உணவின் மீது ஆசையைக் கூட்டும். இன்னொரு பக்கம், கேலிக்குப் பயந்து ஜிம், பார்க், நீச்சல்குளம் பக்கம் போவதே நின்றுவிடும். எடை இன்னும் கூடும். கேலியும் கூடும். சுழல் மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதன் பாதிப்பு மனசோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்ட 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசிய ஆய்வு 2015-ல் வெளியானது. எடை காரணமாகப் பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னவர்களின் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிஎம்ஐ, உடல்நிலை, மனச்சோர்வு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. இதெல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், 'இதனால்தான் இது' என்று அடித்துச் சொல்பவை இல்லை. ஆனால் கேலி நல்லது செய்யும் என்பதற்கு இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

இன்னொரு தகவல். 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 44 லட்சம் சோதனைகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். இனம், தோல் நிறம், பாலின ஈர்ப்பு ஆகியவை பற்றி மக்கள் மனதில் ஆழத்தில் இருக்கும் பாரபட்சம் அந்தப் பத்து ஆண்டுகளில் குறைந்திருந்தது. உடல் எடை பற்றிய பாரபட்சம் மட்டும் கூடியிருந்தது.

2. கேலி உள்ளே குடியேறுவது

வெளியே இருந்து வரும் வார்த்தையை விட ஆபத்தானது, அதே வார்த்தையை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தொடங்குவது. "நான் சோம்பேறி", "எனக்குக் கட்டுப்பாடே இல்லை", "என்னை யாருக்குப் பிடிக்கும்?" என்று உள்ளே ஓடும் குரல்.

உளவியலாளர்கள் இதை அளக்கவே தனியாக ஒரு கேள்விப் பட்டியலை 2008-ல் உருவாக்கினார்கள். அதை வைத்து அதன்பிறகு நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது ஒன்றுதான். ஒருவர் எத்தனை கிலோ இருக்கிறார் என்பதை விட, அந்தக் கிலோவை வைத்து தன்னை எவ்வளவு மட்டமாக நினைக்கிறார் என்பதே மனச்சோர்வோடும் தாழ்வு மனப்பான்மையோடும் நெருக்கமாகச் சேர்ந்து போகிறது.

போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய் ஒளிவது, பழைய நண்பர்கள் சந்திப்புக்கு "வேலை இருக்கு" என்று சொல்லித் தவிர்ப்பது, பிடித்த கலரை விட்டு எப்போதும் கறுப்பு டிரஸ்ஸே எடுப்பது. இவை எல்லாமே இந்த உள்குரலின் வேலையாக இருக்கலாம். தனிமை கூடினால் சந்தோஷம் குறையும். இதற்கு எடை மெஷின் தேவையே இல்லை.

3. 'எல்லாம் உன் கையில்தான்' என்ற பாரம்

"வாயைக் கட்டினா போதும்." இதைக் கேட்காத பருமனானவர் இருக்க மாட்டார். வாயைக் கட்டியும் எடை குறையாதபோது, குறைந்த எடை திரும்ப வந்துவிடும்போது, அவருக்கு மிஞ்சுவது குற்ற உணர்ச்சி மட்டும்தான்.

ஆனால் உடலின் கணக்கு அவ்வளவு சுலபமானது இல்லை. ஒருவருக்கொருவர் எடையில் இருக்கும் வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுக்களின் பங்கு இருப்பதாக இரட்டையர்கள் மற்றும் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. உடலில் உள்ள கொழுப்பின் அளவை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது. எடை குறையும்போது லெப்டின் குறைகிறது. உடனே 'பஞ்சம் வந்துவிட்டது' என்று புரிந்துகொண்டு, மூளை பசியைக் கூட்டுகிறது.

2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களுக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுக்கப்பட்டு எடை குறைக்கப்பட்டது. அதிலிருந்து ஓராண்டு ஆன பிறகும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி உணர்வும் கூடுதலாகவே இருந்தது.

டயட்டை விட்டவரைப் பார்த்து "மன உறுதி இல்லை" என்கிறோம். அவர் ஒரு வருஷமாகத் தன் உடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது வெளியே தெரிவதில்லை. பல பேருக்கு அது அவர்களுக்கே தெரியாது. தெரிந்தால், "தப்பு என் மேலதான்" என்ற பாரத்தில் பாதி இறங்கும்.

4. சாப்பாடும் ஆறுதலும்

மனசு சரியில்லாதபோது ஒரு டீ, ஒரு பஜ்ஜி என்று போவது எல்லோருக்கும் உள்ளதுதான். பிரச்சினை, கோபம், சலிப்பு, தனிமை, பயம் என எதுவந்தாலும் சாப்பாடு ஒன்றே மருந்தாகிப் போகும்போது தொடங்குகிறது. சாப்பிடும்போது நிம்மதி, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சி, அந்தக் குற்ற உணர்ச்சியைப் போக்க மறுபடியும் சாப்பாடு.

சிலருக்கு இது இன்னும் தீவிரமாக இருக்கும். பசியே இல்லாமல், குறைந்த நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல், பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவார்கள். பிறகு தன்மீதே வெறுப்பு வரும். இது பழக்கக் கோளாறோ பேராசையோ இல்லை, சிகிச்சை உள்ள ஒரு மனநலப் பிரச்சினை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. இப்படிப்பட்டவரிடம் டயட் சார்ட்டை மட்டும் நீட்டினால் நிலைமை மோசமாகவே வாய்ப்பு அதிகம்.

5. உடல் வழியாக மனசுக்கு வருவது

எல்லாமே மனசுதான் என்று சொல்லிவிடவும் முடியாது. உடல் பருமன் உள்ள பலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை இருக்கும். இரவு முழுக்க குறட்டை, பகல் முழுக்க அசதி, எரிச்சல், கவனமின்மை. இதைப் பலரும் 'சோம்பேறித்தனம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டு வலி இருந்தால் வெளியே போவது குறையும். பிசிஓஎஸ், தைராய்டு போன்ற ஹார்மோன் பிரச்சினைகள் எடையையும் மனநிலையையும் ஒன்றாகவே ஆட்டிப்படைக்கும். சில மனநல மருந்துகளாலும், ஸ்டீராய்டு மருந்துகளாலும் எடை கூடலாம்.

அதனால் மனசு சோர்ந்திருக்கிறது என்றால் உடலையும் பரிசோதிக்க வேண்டும், உடல் சோர்ந்திருக்கிறது என்றால் மனசையும் விசாரிக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தால் எடை கூடுவதாகத் தோன்றினால், நாமாக நிறுத்தாமல் அவரிடமே கேட்பதுதான் சரி.

6. யாரோடு ஒப்பிடுகிறோம்?

"ஏன் இப்படி இளைச்சுட்ட? சரியா சாப்பிடறதில்லையா?" என்று பாட்டிகள் கவலைப்பட்ட ஊர் இது. ஒரு காலத்தில் சதைப்பிடிப்பான உடம்பு என்றால் வசதி, ஆரோக்கியம், நல்ல குடும்பம் என்று அர்த்தம். எது அழகு, எது நார்மல் என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறும். அந்த அளவுகோல் மாறும்போது மனசும் மாறும்.

இதற்குப் பிரபலமான உதாரணம் பசிபிக் தீவு நாடான ஃபிஜி. கட்டுமஸ்தான, பெரிய உடம்புதான் அங்கே பாரம்பரியமாக மதிக்கப்பட்டது. அங்குள்ள நட்ரோங்கா பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர், அந்த ஆண்டிலும் மறுபடி 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். உணவு பற்றிய சிக்கலான மனநிலை கொண்ட மாணவிகள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பது 1995-ல் ஒருவரிடமும் இல்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டு டிவிக்கே இந்த நிலை. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஃபில்டர் போட்ட முகங்களும், '30 நாளில் 10 கிலோ' வீடியோக்களும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன.

எடை குறைந்தால் சந்தோஷம் வந்துவிடுமா?

இதுதான் பலருடைய மனதிலும் இருக்கும் கேள்வி. பதில்: ஓரளவுக்கு வரும், ஆனால் தானாக வராது.

ஸ்வீடனில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வெளியானது. முதல் ஆண்டில் வாழ்க்கைத் தரம் உச்சத்துக்குப் போனது. அதன்பிறகு எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது, ஆறாவது ஆண்டு வரை அதுவும் மெல்ல இறங்கி, பின் நிலைபெற்றது. 10 ஆண்டுகள் முடிவில், அறுவை சிகிச்சை செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது, மனச்சோர்விலும் மற்றவர்களோடு பழகுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பொதுவான மனநிலையிலும் பதற்றத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பிரிட்டனில் அதிக எடையோ பருமனோ கொண்ட 1,979 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2014-ல் வெளியானது. நான்கு ஆண்டுகளில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைத்தவர்களுக்கு பிபி உள்ளிட்ட இதய நோய் அபாயங்கள் குறைந்திருந்தன. ஆனால் மனசு சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்கள் அவர்களில்தான் அதிகம். எடை குறைத்ததால்தான் சோர்வு வந்தது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. எடையைக் குறைப்பதும், குறைத்ததைக் காப்பாற்றுவதும் எவ்வளவு கடினம் என்பதைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். அதேநேரம், முறையான ஆலோசனையும் ஆதரவும் உள்ள சிகிச்சைத் திட்டங்களில் எடை குறைத்தவர்களுக்கு மனநிலையும் மேம்பட்டதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அருகில் ஆள் இருக்கிறார்களா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி போன்ற எடை குறைப்பு ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டன. டாக்டர் பரிந்துரையில், தேவைப்படுபவர்களுக்கு இவை பெரிய உதவிதான். ஆனால் பசியைக் குறைக்கும் ஊசி, இருபது வருஷமாகக் கேட்ட கேலியை மனசிலிருந்து எடுக்காது. அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

இதில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு இழப்பும் உண்டு. "வெயிட் குறைஞ்ச பிறகு டூர் போகலாம்", "குறைஞ்ச பிறகு டான்ஸ் கிளாஸ் சேரலாம்", "குறைஞ்ச பிறகு கல்யாணத்தைப் பத்தி யோசிக்கலாம்" என்று வாழ்க்கையையே தள்ளிப்போடுவது. எடை குறைய எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷங்கள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படின்னா எடையைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம், பேசவும் வேண்டும். சர்க்கரை நோய், இதய நோய், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றோடு உடல் பருமனுக்கு உள்ள தொடர்பு உறுதியானது. அதை மறைத்துப் பேசுவது அன்பு ஆகாது. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2020-ல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, உடல் பருமன் மீதான இழிவுப் பார்வையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கூட்டறிக்கையே வெளியிட்டன. அந்தப் பார்வை, மனிதர்களைச் சிகிச்சையிலிருந்தே விரட்டுகிறது என்பது அதன் முக்கியக் கவலை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பலர் முன்னால் ஒருவரின் எடையைப் பற்றிப் பேசவேண்டாம். விசேஷ வீட்டுப் பந்தியில் "போதும், போதும்" என்று இலையைப் பார்த்துச் சொல்வதும் இதில் சேரும்.

* "நீ குறைக்கணும்" என்பதை விட "சாயங்காலம் நானும் வரேன், சேர்ந்து நடக்கலாமா?" என்பது நல்லது.

* பருமனான குழந்தைக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைக்காமல், வீட்டுக்கே ஒரே மாதிரி சமைக்கலாம். ஒரு பிள்ளைக்கு சுண்டல், இன்னொரு பிள்ளைக்கு சிப்ஸ் என்றால் அது டயட் இல்லை, தண்டனை.

* பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது செல்லத்துக்காக என்றாலும், அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

* டாக்டரிடம் தலைவலி என்று போனாலும் எடையைப் பற்றி மட்டுமே பேசப்படுகிறது என்றால், "எடையைப் பத்தி அப்புறம் பேசலாம் டாக்டர், இந்த வலியை முதல்ல பாருங்க" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

உடல் பருமனோடு இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* உள்குரலைக் கவனியுங்கள். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று தோன்றும்போது, இதே வார்த்தையை இதே நிலையில் உள்ள ஒரு நண்பரிடம் சொல்வீர்களா என்று யோசியுங்கள். அவரிடம் சொல்ல மாட்டீர்கள் என்றால் உங்களிடமும் சொல்லாதீர்கள். தன்மீது இப்படிக் கனிவாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வு குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

* உடற்பயிற்சியின் பலனை எடை மெஷினில் மட்டும் தேடாதீர்கள். எடை ஒரு கிலோகூட குறையாவிட்டாலும், தொடர்ந்து நடப்பது மனநிலையையும் தூக்கத்தையும் மேம்படுத்தும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 10 நிமிடத்தில் தொடங்கினாலும் நல்லதுதான்.

* இலக்கை மாற்றிப் பாருங்கள். 'மாசம் 5 கிலோ' என்பதற்குப் பதில், 'மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறணும்', 'ராத்திரி நல்லா தூங்கணும்' என்று வைத்துக்கொண்டால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

* தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒரு விஷயத்தை இந்த மாதமே செய்யுங்கள். பிடித்த கலரில் ஒரு சட்டை, ஒரு பழைய நண்பரின் வீடு, ஒரு குடும்ப போட்டோ. எதுவாக இருந்தாலும் சரி.

* உங்களைத் தாழ்வாக உணரவைக்கும் பக்கங்களை உங்கள் போனில் அன்ஃபாலோ செய்யுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

எப்போது உதவி தேவை?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பது, தூக்கமோ பசியோ மிகவும் மாறிப்போவது, கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டுவிட்டு தன்னையே வெறுப்பது, ஆட்களைப் பார்ப்பதையே தவிர்ப்பது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது. இவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கத் தயங்க வேண்டாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை முறைகள், கட்டுப்பாடற்ற உணவுப் பிரச்சினைக்கும் மனச்சோர்வுக்கும் நல்ல பலன் தருபவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வெளியே போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கு 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். உங்கள் எடை என்ன என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று அங்கே எந்தக் கட்டாயமும் இல்லை.